செண்பகவடிவுக்குப் பத்து வயது குறைத்த கதை

அசமந்தபுரத்துக்காரர்களிடம் வழி கேட்டால் மரியாதையாகக் கூடவே நடந்து வருவார்கள். அவர்களுக்கும் வழி தெரியாது என்பது மூன்று மைல் போன பிறகுதான் நமக்குத் தெரியவரும். மற்றபடி தங்கமான ஜனங்கள். யாரையும் ஏமாற்றத் தெரியாது. அதற்கும் கொஞ்சம் மூளை வேண்டும் பாருங்கள்.

அந்த ஊரில் அக்கா தங்கை மூன்று பேர் சேர்ந்து ஒரு பியூட்டி பார்லர் திறந்தார்கள். மூத்தவள் ஆவுடை, நடுவுள்ளவள் கோமு, இளையவள் உலகம்மை. அதற்கு முன்னால் இருபது வருஷம் கட்டட வேலையில் சித்தாளாக இருந்து, கல்லும் மண்ணும் சுமந்தவர்கள். திருநெல்வேலிக்குப் போய் மூன்று நாள் பயிற்சி எடுத்தார்கள். கடைசி நாள், ஐம்பது தாண்டிய முகத்துக்குப் பத்து வயது குறைகிற மாதிரி எப்படி மேக்கப் போடுவது என்று டீச்சர் தனியாகச் சொல்லிக் கொடுத்தார். கோமு ஒரு வார்த்தை விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டாள். டீச்சர் நடுவில் இரண்டு தடவை தும்மியிருந்தார். அதுவும் நோட்டில் இருந்தது.

முதல் வாடிக்கையாளராக வந்தவள் செண்பகவடிவு. மாவு மில் குற்றாலிங்கத்தின் வீட்டுக்காரி. அவருக்கு அறுபது முடிகிறது, இவளுக்கு ஐம்பத்தாறு. வருகிற வெள்ளிக்கிழமை அறுபதாம் கல்யாணம்.

"எனக்கு நகை நட்டு ஒண்ணும் ஆசையில்லை, ஆவுடை" என்றாள் செண்பகவடிவு. "கட்டிக்கிட்டு முப்பத்தெட்டு வருஷமாச்சு. 'நல்லாருக்கே'ன்னு ஒரு வார்த்தை அவுக வாயிலேருந்து வந்ததில்லை. போன தீவாளிக்குப் புதுச்சேலை கட்டிட்டு மில்லுல போயி முன்னால நின்னேன். 'தள்ளி நில்லு, மாவு பட்டுரும்'னாக. அவ்வளவுதான். இந்தத் தடவை அந்த ஒரு வார்த்தை வந்துரணும். வரலைன்னா இனிமே எப்ப வரப்போகுது?"

கேட்டுக்கொண்டிருந்த மூன்று பேரும் உருகிப்போனார்கள். கோமு நோட்டை விரித்தாள்.

"முதல்ல தோலுக்கு ஈரம் ஏத்தணும். இல்லைன்னா மேல போடுத பூச்சு வெடிச்சுரும்" என்று வாசித்தாள்.

அக்கா தங்கைகளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இது அவர்களுக்குத் தெரிந்த வேலை.

"சிமெண்டுப் பூச்சுக்கு ஏழு நாள் தண்ணி விடணும்" என்றாள் உலகம்மை.

"ஏட்டி, அது புதுச் சுவருக்கு. இது அம்பத்தாறு வருஷத்துச் சுவரு. காலையில ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா விட்டாத்தான் தாங்கும்" என்றாள் ஆவுடை.

ஆக, செண்பகவடிவு ஏழு நாள் பார்லர் வாசலில் தலையோடு ஈரச்சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். ஆவுடை வாளியில் தண்ணீர் ஊற்றினாள். போகிற வருகிறவர்களும் சும்மா போகவில்லை, நல்ல காரியம் என்று ஆளுக்கொரு குடம் ஊற்றிவிட்டுப் போனார்கள். வீட்டில் குற்றாலிங்கம், "ஏட்டி, ஊரெல்லாம் வெயிலடிக்கி, நீ மட்டும் எங்க போயி நனையுதே?" என்று கேட்டார். அவள் தலையைத் துவட்டிக்கொண்டே அடுப்படிக்குப் போய்விட்டாள். அவரும் திருப்பிக் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வேலை ஆரம்பமானது. முகூர்த்தம் ஒன்பதரைக்கு.

"வயசானா முகம் கீழ இறங்கும். அதனால எதைப் போட்டாலும் வழக்கமான எடத்துக்கு ஒரு விரக்கடை மேல போடணும்" என்று கோமு வாசித்தாள்.

யாருடைய விரல் என்று நோட்டில் இல்லை. செங்கல் சுமந்து சுமந்து ஆவுடையின் விரல் வெண்டைக்காய் முற்றின மாதிரி இருக்கும். கோமு விரல் ஒல்லி. அரைமணி நேரம் பேசி, மூத்தவள் விரலுக்கே மரியாதை கொடுப்பது என்று முடிவானது. புருவம் நெற்றிக்குப் போனது. பொட்டு தலைமுடிக்குள் போனது. உதட்டுச் சாயம் மூக்குக்குக் கீழே போய் நின்றது.

உலகம்மை கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள். "எக்கா, அத்தைக்குச் சிவப்பு மீசை வச்ச மாதிரி இருக்கே."

"முகம் கீழ இறங்கும்னு டீச்சரே சொல்லிட்டாகல்லா? சாயமும் இறங்கி உதட்டுக்கு வந்துரும்."

"எப்ப வரும்?"

"அதுக்கு ஒரு பத்து வருஷம் ஆகும்."

"முகூர்த்தம் ஒன்பதரைக்குக்கா."

இது யோசிக்க வேண்டிய விஷயம்தான். யோசித்துக்கொண்டிருக்கும்போதே கோமு அடுத்த வரியை வாசித்தாள். "மேக்கப் போட்டதே தெரியக் கூடாது."

மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது. உடனே தேங்காயெண்ணெயைத் தொட்டு எல்லாவற்றையும் துடைத்தார்கள். மறுபடி போட்டார்கள், மறுபடி தெரிந்தது. மறுபடி துடைத்தார்கள். இப்படி ஆறு தடவை. செண்பகவடிவு பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். ஒரு வார்த்தைக்காக மனுஷி என்னதான் பொறுக்க மாட்டாள்.

ஏழாவது தடவை டப்பாவில் ஒன்றும் மிச்சமில்லை. விரலில் ஒட்டியிருந்ததை மட்டும் லேசாகத் தடவினார்கள். விரற்கடை அளக்கவும் நேரமில்லை. கை போன இடத்தில் போனது.

"போட்டது காயுத வரைக்கும் சிரிக்க விடக் கூடாது. சிரிச்சா முகத்துல விழுத கோட்டுக்குள்ள போயி உக்காந்துக்கிடும்" என்று கோமு வாசித்தாள். இதைக் கேட்டதும் செண்பகவடிவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

உலகம்மை சட்டென்று, "அத்தை, உங்க எருமை செத்துப்போச்சு" என்றாள்.

"எந்த எருமை? எங்க வீட்டுல எருமையே கிடையாதே."

"இருந்திருந்தா செத்திருக்கும் அத்தை. ஊரெல்லாம் கோமாரி."

செண்பகவடிவுக்கு அந்த எருமையை நினைத்துக் கண் கலங்கிவிட்டது. அழுதால் கோடு விழாதா என்று உலகம்மை பயந்தாள். சிரித்தால் விழுவது குறுக்குக் கோடு, அழுதால் விழுவது நெடுக்குக் கோடு, நோட்டில் நெடுக்குக் கோட்டைப் பற்றிப் பேச்சே இல்லை என்று கோமு விளக்கிச் சொன்ன பிறகுதான் அவளுக்கு மனசு ஆறியது.

இப்போது ஒரு உண்மையை ஒத்துக்கொள்ள வேண்டும். ஏழு நாள் ஈரமும், ஆறு தடவை எண்ணெயும், அந்தத் துளி சாயமும் சேர்ந்து அந்த முகம் நிஜமாகவே மினுமினுவென்று ஆகிவிட்டது. திருநெல்வேலி டீச்சர் பார்த்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார். எப்படி வந்தது என்று மட்டும் போட்டவர்களுக்குத் தெரியாது.

கண்ணாடியை நீட்டினார்கள். செண்பகவடிவு பார்த்துவிட்டு, "வாங்கம்மா, உக்காருங்க" என்றாள்.

"அத்தை, அது நீங்கதான். பத்து வயசு குறைஞ்சிருக்கு. டீச்சர் சொன்ன கணக்குச் சரியா வந்துட்டு" என்றாள் ஆவுடை. "இன்னும் ஒண்ணுதான் பாக்கி. மேக்கப் போட்டதே தெரியக் கூடாதுன்னு இருக்கு. அதனால நாங்க போட்டோம்னு நாங்களும் சொல்ல மாட்டோம், நீங்களும் சொல்லக் கூடாது. இசக்கியம்மன் மேல சத்தியம் பண்ணுங்க."

நாலு பேரும் சத்தியம் பண்ணினார்கள்.

கல்யாண மண்டபத்தில் குற்றாலிங்கம் பட்டுவேட்டி கட்டி மணையில் உட்கார்ந்திருந்தார். செண்பகவடிவு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் திரும்பிப் பார்த்தார். பார்த்தவர் பார்த்தபடியே இருந்தார். இவள் வார்த்தை வரப்போகிறது என்று காத்திருந்தாள்.

அவர் மெல்ல எழுந்து கைகூப்பினார். "அம்மா, இது என் பொண்டாட்டி உக்காருத எடம். நீங்க பந்தியில போயி உக்காருங்க."

மேளம் நின்றது. ஐயர் தாலியைக் கையில் வைத்துக்கொண்டு, "இவங்கதானே உம்ம சம்சாரம்?" என்றார்.

"என் சம்சாரத்துக்கு அம்பத்தாறு, சாமி. இந்தம்மாவுக்கு நாப்பத்தாறுக்கு மேல ஒருநாள் கூடச் சொல்ல முடியாது."

"சேலை அவங்க சேலைதானே?"

"சேலை பழசாத்தான் இருக்கு. ஆளுதான் புதுசு."

ஐயர் கூடவே வந்திருந்த அக்கா தங்கைகளைக் கூப்பிட்டு, "நீங்க ஏதாவது மேக்கப் போட்டீங்களா?" என்று கேட்டார்.

"நாங்க ஒண்ணும் போடலை" என்றார்கள் மூன்று பேரும் ஒரே குரலில். சத்தியம் சத்தியம்தானே.

"மேக்கப்பும் போடலை, வயசும் குறைவு. அப்ப இவங்க வேற யாரோதான்" என்று ஐயர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். செண்பகவடிவையே கேட்டார்கள். சத்தியம் அவள் வாயையும் கட்டிவிட்டது. எழுந்து நின்றாள்.

"முகூர்த்த நேரத்துல எங்க போனாளோ தெரியலையே" என்று குற்றாலிங்கம் மாலையோடு தெருவில் இறங்கினார். தனியாகப் போகிறாரே என்று செண்பகவடிவுக்கு மனசு கேட்கவில்லை. "நானும் கூட வந்து தேடுதேன்" என்று பின்னாலேயே போனாள். விருந்தாளிகள் சாப்பாடு ஆறிவிடும் என்று பந்திக்குப் போனார்கள்.

முதல் தெருவில் அவளுக்குச் சங்கடமாக இருந்தது. இரண்டாவது தெருவில் அவளும் ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்த்தாள். மூன்றாவது தெருவில், காணாமல் போனவள் எப்படி இருப்பாள் என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"உங்க வீட்டுக்காரி பாக்க எப்படி இருப்பாக?" என்று கேட்டாள்.

குற்றாலிங்கம் நின்றார். முன்பின் தெரியாத பொம்பளை, அதனால் கூச்சமில்லாமல் பேச்சு வந்தது.

"அழகா இருப்பா, தாயி. உங்கள மாதிரி மொழுமொழுன்னு இருக்க மாட்டா. சிரிச்சான்னா கண்ணுக்குப் பக்கத்துல மூணு கோடு விழும். அதைப் பாக்கத்தான் நான் மத்தியானம் மில்லைப் பூட்டிட்டுச் சோத்துக்கு வீட்டுக்கு வாரேன். கடையிலயும் சோறு கிடைக்கத்தான் செய்யுது. இந்த ஊருல அவளுக்கு ஈடு ஒருத்தி கிடையாது. உங்களைப் பாத்தப்பகூட, நல்லாத்தான் இருக்காக, ஆனா அவ காலடி தூசிக்குக் காணாதுன்னு நினைச்சேன். மனசுல வச்சுக்கிடாதீங்க."

செண்பகவடிவுக்கு முகம் சிவந்தது. முப்பத்தெட்டு வருஷம் காத்திருந்த வார்த்தை. அது ஒன்றுக்குப் பத்தாக வந்து விழுகிறது, அதுவும் எவளோ ஒருத்தியைப் பற்றி. அவளுக்கு வயிறு எரிந்தது. "அப்ப அவளையே கட்டிக்கிட்டு அழுங்க" என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று வீட்டுக்கு நடந்தாள். போகிற வழியில் தெருக்குழாயில் முகத்தைத் தேய் தேய் என்று தேய்த்துக் கழுவினாள்.

ஊர் முழுக்கத் தேடிவிட்டுக் குற்றாலிங்கம் வீட்டுக்கு வந்தார். அடுப்படியில் செண்பகவடிவு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஏட்டி, இங்கயா இருக்கே? உன்னைத் தேடித் தேடி என் காலே போச்சு."

"பொய் சொல்லாதீங்க" என்றாள் அவள். "தெருத்தெருவா நானும் உங்க கூடவேதானே வந்தேன். என்னை நீங்க ஒரு எடத்துலயும் தேடலை."

குற்றாலிங்கம் யோசித்துப் பார்த்தார். அவள் சொல்வதும் நியாயமாகத்தான் பட்டது. "தப்புதான்" என்று ஒத்துக்கொண்டு, அவளையும் கூட்டிக்கொண்டு, மறுபடி முதல் தெருவிலிருந்து தேட ஆரம்பித்தார்.