அண்ணனை அழைத்த சொல்

மழைநடை புகைக்குழாயை எடுத்துக்கொண்டு ஒற்றைச்செருப்பின் கூடாரத்துக்கு வந்தபோது, அவர் தன் நாயின் காலில் முள் எடுத்துக்கொண்டிருந்தார்.

“தாத்தா” என்றான் மழைநடை.

“இன்னும் குழாயை நான் வாங்கவே இல்லை. அதுக்குள்ள தாத்தாவா? என்னைவிட உனக்குத்தான் நரை அதிகம்.”

அது உண்மைதான். மழைநடை பேரப்பிள்ளை எடுத்தவன். ஒற்றைச்செருப்பு அவனைவிடப் பத்துப் பன்னிரண்டு வயதுதான் மூத்தவர். ஆனால் வட அமெரிக்கச் சமவெளியில் வாழ்ந்த அரபாஹோ மக்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒரே வயது ஆண்கள் கூட்டாகச் சேர்ந்து, ஆயுள் முழுக்க ஒவ்வொரு சங்கமாக நுழைந்து மேலே போவார்கள். ஒவ்வொரு சங்கத்துக்கும், முன்பே அதற்குள் போய் வந்தவர் ஒருவரைக் குருவாகப் பிடிக்க வேண்டும். குருவுக்கு என்ன வயதானாலும் அவர் தாத்தா. நீட்டிய குழாயை அவர் வாங்கிப் புகைத்தால் சம்மதம் என்று அர்த்தம்.

அந்தக் கோடையில் மழைநடையின் கூட்டாளிகள் நுழைய வேண்டியது நாய்ச் சங்கம்.

நாய் அவர்களுக்கு அற்பப் பிராணி இல்லை. அந்தச் சமவெளிக்குக் குதிரை வருவதற்கு முன்னால், கூடாரத்தையும் சாமானையும் இழுத்துக்கொண்டு காட்டெருமைக் கூட்டத்தின் பின்னால் அவர்களோடு நடந்தது நாய்தான். அதனால் பெரிய வீரர்களின் சங்கத்துக்கு அந்தப் பெயர். அதில் சிலருக்கு மட்டும் நீளமான சிவப்புத் தோல்பட்டை உண்டு. தோளில் மாட்டினால் நுனி தரையில் புரளும். சண்டையில் தம் ஆட்கள் பின்வாங்க நேர்ந்தால் பட்டைக்காரர் அந்த நுனியில் முளை அடித்து, மாட்டைக் கட்டுவது போலத் தன்னைத் தானே கட்டிக்கொள்வார். பெண்களும் குழந்தைகளும் தப்பிப் போகிறவரை நின்ற இடத்தில் நின்று பாடுவார். அவராக முளையைப் பிடுங்கக் கூடாது. யாராவது வந்து, போகலாம் வாருங்கள் என்று பணிவாகக் கூப்பிட்டாலும் அசையக் கூடாது. பின்னால் நிற்கிறவன் முளையைப் பிடுங்கி, முதுகில் சாட்டையால் ஒன்று போட்டு, நாயைத் துரத்துகிற மாதிரி துரத்த வேண்டும். அப்போது ஓடலாம். அப்படி ஓடினால் அதில் அவமானம் கிடையாது.

கேட்க வேடிக்கையாகத்தான் இருக்கும். மழைநடைக்கு அதில் வேடிக்கை எதுவும் மிச்சமில்லை.

“எந்தப் பட்டை வேணும் உனக்கு?” என்று கேட்டார் ஒற்றைச்செருப்பு.

“சிவப்பு. அண்ணன் போட்டிருந்தது மாதிரி.”

“ஏன்?”

“அண்ணன் போட்டிருந்ததுனால.”

அவர் முள்ளை எடுத்துத் தூர எறிந்தார். நாய் நொண்டிக்கொண்டே போய் நிழலில் படுத்தது. குழாயை அவர் வாங்கவில்லை.

“நாணல்பெண் நேத்து வந்துட்டுப் போனா” என்றார்.

நாணல்பெண் மழைநடையின் மனைவி. அவள் வந்து அழவில்லை. இடித்த இறைச்சி ஒரு பை கொண்டு வந்து வைத்துவிட்டு, “குதிரை எல்லாத்தையும் கொடுத்துட்டார். ஏறிப் போற குதிரையைக்கூட நேத்து யாருக்கோ கொடுத்துட்டார். அவர் பட்டை கேட்டு வருவார். கொடுத்துடாதீங்க. சண்டை வரும்னு காத்துக்கிட்டிருக்கார்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

“குதிரை எங்கே?”

“கொடுத்துட்டேன்.”

“செத்துப்போறவன்தான் அப்படிக் கொடுப்பான்.”

மழைநடை மடியிலிருந்து ஒரு முளையை எடுத்துக் குழாய்க்குப் பக்கத்தில் வைத்தான். கெட்டி மரம், நுனி தீயில் வாட்டிக் கூராக்கியது, தலைப்பக்கம் அடி வாங்கி நைந்திருந்தது.

“அண்ணனோட முளை.”

“சொல்லு” என்றார் அவர்.

எல்லோருக்கும் தெரிந்த கதைதான். இருந்தாலும் அவன் சொன்னான். இலையுதிர்காலத்தில் ஒரு விடியற்காலை. நீலச்சட்டை போட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்கள் முகாமுக்குள் புகுந்துவிட்டார்கள். பெண்கள் குழந்தைகளை இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறினார்கள். அவனுடைய அண்ணன் வெண்புருவம் ஆற்றுத்துறையில் இறங்கி முளை அடித்துக்கொண்டார். நாய்ச் சங்கத்து மற்றவர்களில் சிலர் குண்டு பட்டு விழுந்துவிட்டார்கள், சிலர் அந்தப் பக்கத்துக் கரையில் மாட்டிக்கொண்டார்கள். அண்ணனுக்குப் பின்னால் நின்றது மழைநடை ஒருவன்தான். தகப்பன் செத்த பிறகு அவனைத் தூக்கி வளர்த்து, வில் பிடிக்கக் கற்றுத் தந்த அண்ணன்.

“கடைசிக் குழந்தையும் மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கிடுச்சு. நான் பார்த்தேன். அண்ணனைக் கூப்பிட்டேன். அண்ணா, போதும், வாங்கன்னு கூப்பிட்டேன். எல்லாரும் போயிட்டாங்க, நீங்களும் வந்துடுங்கன்னு கத்தினேன். அவர் திரும்பவே இல்லை. பாடிக்கிட்டே இருந்தார். அப்புறம் பாட்டு நின்னுபோச்சு.”

“வழக்கம் உனக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“அப்புறம்?”

“ஆத்துல தண்ணி இரைச்சல். நான் கூப்பிட்டது அவருக்குக் கேட்டிருக்காதுன்னு எல்லாரும் சொல்றாங்க.”

“நீ என்ன சொல்றே?”

“கேட்டிருக்காது” என்றான் மழைநடை. பிறகு, “கேட்டிருக்குமா?” என்றான்.

ஒற்றைச்செருப்பு எழுந்து உள்ளே போனார். வரும்போது தன் பழைய பட்டையைத் தோளில் மாட்டியிருந்தார். சிவப்பு என்று சொன்னால்தான் சிவப்பு, அவ்வளவு வெளுத்திருந்தது. கையில் ஒரு குதிரைச் சாட்டை. முளையை அவரே எடுத்துக்கொண்டார்.

“வா, ஆத்துக்குப் போகலாம்.”

“குழாய்?”

“அது அங்கேயே கிடக்கட்டும்.”

மலையில் பனி உருகுகிற காலம் அது. காலையில் முழங்கால் அளவு ஓடுகிற ஆறு, வெயில் ஏற ஏறப் பெருகி, பிற்பகலில் கூழாங்கல் திட்டுகளை எல்லாம் மூடிவிடும். அந்தத் தண்ணீரில் கொஞ்ச நேரம் கை வைத்தால் விரல் இருப்பதே தெரியாது. ஒற்றைச்செருப்பு ஒரு திட்டில் இறங்கிப் பட்டை நுனியை விரித்து, அதில் முளையை வைத்து, ஒரு கல்லால் அடித்தார். முளை முக்கால்வாசி மண்ணில் இறங்கியது. சாட்டையைக் கரையில் நின்ற மழைநடையிடம் வீசினார். ஆற்றைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

“எதுக்கு இது?”

அவர் பாட ஆரம்பித்துவிட்டார்.

முதலில் மழைநடைக்குக் கோபம்தான் வந்தது. தன்னைச் சின்னப் பையனாக நினைத்து விளையாடுகிறார் என்று நினைத்தான். கரையில் முதுகைக் காட்டி நின்றான். திரும்பிப் பார்த்தபோது தண்ணீர் அவர் இடுப்பில் இருந்தது.

“தாத்தா, போதும். எழுந்திருங்க.”

பாட்டு நிற்கவில்லை.

“எனக்குப் புரிஞ்சுபோச்சு தாத்தா. நான் செஞ்சது தப்புதான். தப்புன்னு எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு நாளும் அதைத்தானே மென்னுக்கிட்டிருக்கேன். தயவுசெஞ்சு கரைக்கு வாங்க.”

தண்ணீர் அவர் மார்புக்கு ஏறியது. எங்கிருந்தோ வந்த ஒரு மரக்கிளை அவர் தோளில் மோதித் திரும்பிப் போனது. பாட்டு நடுங்கியது. வயசான உடம்புதானே. இடையிடையே சொற்கள் விட்டுப்போயின.

மழைநடை தண்ணீரில் இறங்கினான். அவர் கையைப் பிடித்து இழுத்தான். கல்லை இழுப்பது போல இருந்தது.

“உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன், எழுந்திருங்க.”

அவர் எழுந்திருக்கவில்லை. அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அரபாஹோ மொழியில் மரியாதை எந்த இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று இதைச் சொல்கிற எனக்குத் தெரியாது. நம் மொழியில் அது சொல்லின் வாலில் இருக்கிறது. மழைநடை வாயில் அந்த வால்தான் முதலில் அறுந்தது.

“எழுந்திரு” என்றான்.

சொல்லிவிட்டு அவனே பயந்துபோனான். அவர் பாடிக்கொண்டிருந்தார். தண்ணீர் கழுத்துக்குக் கீழே வந்து நின்றது. உதடு நீலமாகியிருந்தது.

“எழுந்திருன்னு சொல்றேன்ல!”

பாட்டில் இப்போது சத்தமே இல்லை. உதடு மட்டும் அசைந்தது. மழைநடை மூச்சை அடக்கிக் குனிந்தான். தண்ணீருக்குள் கையால் துழாவி முளையைப் பிடித்து ஆட்டினான். அது லேசில் வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்துப் பிடுங்கினான். அவர் அப்போதும் அசையவில்லை. சாட்டை அவன் மணிக்கட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் அழுதுகொண்டே அதை ஓங்கினான். ஈரத் தோல் அவர் முதுகில் பட்டென்று விழுந்தது.

“ச்சீ, போ! போ நாயே! எந்திரிச்சு ஓடு! ஓடுடா நாயே!”

ஒற்றைச்செருப்பு எழுந்தார். நடக்கவில்லை, ஓடினார். தண்ணீரை உதைத்துக்கொண்டு, விழுந்து, கையை ஊன்றி எழுந்து, துரத்தப்பட்ட நாய் ஓடுகிற மாதிரியே கரையேறி, புல்தரை வரைக்கும் ஓடிப் போய்த்தான் விழுந்தார்.

மழைநடை பின்னாலேயே ஓடி வந்தான். தன் போர்வையை அவருக்குச் சுற்றிவிட்டான். கரையில் ஒதுங்கிக் கிடந்த காய்ந்த குச்சிகளைக் கொண்டுவந்து தீ மூட்டினான். அவர் பற்கள் அடித்துக்கொள்வது நிற்கும்வரை கை கால்களைத் தேய்த்துவிட்டுக்கொண்டே இருந்தான். ஒரு செருப்பை ஆறு கொண்டு போயிருந்தது.

“பேரைக் காப்பாத்திட்டேன்” என்றார் அவர், தன் காலைப் பார்த்து.

மழைநடையால் சிரிக்க முடியவில்லை. “அன்னைக்கு இது என் வாயில வரலையே” என்றான். முளையை மடியில் வைத்துக்கொண்டு குலுங்கினான். “இவ்வளவுதானே. இவ்வளவுதானே சொல்லணும்.”

அவர் அவனைத் தேற்றவில்லை. பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் அவரைப் பற்றிப் பேசியவர்கள் இதை ஒரு குறையாகச் சொன்னதுண்டு.

அழுகை ஓய்ந்த பிறகு அவன் கேட்டான். “தண்ணிக்குள்ள இருந்தப்போ நான் கூப்பிட்டது கேட்டுச்சா?”

“இரைச்சல் பலமாத்தான் இருந்தது.”

“கேட்டுச்சா தாத்தா?”

“எல்லாம் கேட்டுச்சு. கும்பிட்டது, கெஞ்சினது, ஒண்ணு விடாம கேட்டுச்சு.”

மழைநடை தலையைக் குனிந்துகொண்டான். குளிர்காலம் முழுவதும் ஊர் அவனுக்குக் கொடுத்திருந்த ஒரே ஆறுதல் அந்த ஆற்று இரைச்சல்தான். அதுவும் போயிற்று. எனக்கே அந்த இடத்தில் அந்தக் கிழவர் மேல் கோபம் வருகிறது. ஒரு பொய் சொல்லியிருந்தால் என்ன?

“எனக்குப் பட்டை கிடையாதா?” என்று மெல்லக் கேட்டான்.

“கிடையாது. சிவப்புப் பட்டையை மஞ்சள்கூழாங்கல் போட்டுக்குவான்.”

மஞ்சள்கூழாங்கல் மழைநடையின் மைத்துனன். வாய்த்துடுக்கு உள்ளவன், நல்ல வீரன்.

“அப்போ நான்?”

“நீ அவனுக்குப் பின்னால நிக்கணும்.” சாட்டையைக் கண்ணால் காட்டினார். “அது உன்கிட்டயே இருக்கட்டும். பட்டை போட்டவன் சாகலாம். பின்னால நிக்கிறவனுக்கு அந்த உரிமை இல்லை. உன் குதிரையில ஒண்ணையாவது போய்த் திருப்பிக் கேளு. கேட்க வெட்கமாத்தான் இருக்கும்.”

இரண்டு பேரும் தீயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நாய் நொண்டியபடியே அவர்களைத் தேடிக்கொண்டு வந்து, ஒற்றைச்செருப்பின் ஈரக் காலை முகர்ந்துவிட்டுப் பக்கத்தில் படுத்தது.

“உங்க பேரு” என்றான் மழைநடை. “முன்னாடி ஒரு சண்டையில பட்டையோட ஓடி வந்தப்போ செருப்பு போச்சு, அதுல வந்த பேருன்னு சொல்வாங்க.”

“ஆமா.”

“அன்னைக்கு உங்களைத் துரத்தினது யாரு?”

“உன் அண்ணன்.”

மழைநடை நிமிர்ந்தான். அண்ணன் அதை ஒருநாளும் சொன்னதில்லை.

“அவன் எனக்குச் சின்னவன். என்கிட்ட நிமிர்ந்துகூடப் பேசமாட்டான். அன்னைக்கு முளையைப் பிடுங்கி, முதுகுல ஒண்ணு வெச்சான். நாயே, சொறிநாயே, எலும்பு பொறுக்கி, ஓடுடான்னான். மேடு ஏறுற வரைக்கும் பின்னாலேயே வந்து திட்டினான்.”

“உங்களுக்குக் கோபம் வரலையா?”

ஒற்றைச்செருப்பு நாயின் கழுத்தைத் தடவிக்கொடுத்தார்.

“எங்கம்மா சாப்பிடக் கூப்பிட்ட மாதிரி இருந்தது” என்றார்.