வெள்ளையாக இருந்த இடம்

இருட்டிய பிறகு அந்தச் சத்தம் மறுபடி கேட்டது. ஏதோ பெரிய விலங்கு வெகுநேரம் அடக்கிவைத்த மூச்சை விடுவதுபோல.

தமயந்தி மகனின் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். அவர்கள் தங்கியிருந்த மடத்துக்குப் பின்னால் இரும்பு உருக்கும் ஆலை. அதன் புகைபோக்கி பகலில் சாதுவாக நிற்கும். இரவில்தான் திறப்பார்கள். ஜன்னலைச் சாத்தினாலும் ஓட்டு இடுக்குகள் வழியே தூசி இறங்கும்.

மகன் தூக்கத்திலேயே இருமினான்.

"அம்மா, தூங்கிவிட்டீர்களா?" என்று கேட்டாள் தமயந்தி.

"இந்தச் சத்தத்திலா?" என்றார் பக்கத்தில் படுத்திருந்த மடத்துக் குரு பவளாம்மை.

"பயமாக இருக்கிறது. விடிந்ததும் ஒரு பொட்டுத் தூசி இல்லாமல் துடைக்கிறேன். அப்படியும் இருமுகிறான். நாளை மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி வருகிறார். இந்த முறையாவது ஏதாவது செய்வாரா?"

"போன முறை வந்தபோது இங்கே என்ன பார்த்தார்?"

"என் கோலத்தை. அழகாக இருக்கிறது என்றார்."

குரு சிரிக்கவில்லை.

விளக்கு வைத்த பிறகு பெருக்கக் கூடாது. இரவெல்லாம் விழுந்தது அப்படியே கிடந்தது. விடியும்போது தமயந்தி துடைப்பத்தை எடுத்தாள். அதிகாரி வரும் நாளில் மடம் அழுக்காகக் கிடக்கலாமா?

"முதலில் பிள்ளையைத் தூக்கு" என்றார் குரு.

தூக்கினாள். நேற்று வெளுத்த விரிப்பு முழுக்கக் கரும்பொடி. நடுவில் மட்டும் வெள்ளை. தலை, தோள், மடக்கிய கால்கள்.

"அங்கே மட்டும் ஏன் வெள்ளை?"

"இவன் படுத்திருந்தான், அம்மா."

"அங்கே விழவேண்டியது எங்கே போயிற்று?"

தமயந்தி மகனின் மூக்கைச் சேலை நுனியால் துடைத்தாள். நுனி கறுத்தது.

வாசலில் எதிர்வீட்டு மரகதம் துடைப்பத்தோடு படியேறினாள். "ஏன்டி, தெருவே தெளிச்சுக் கோலம் போட்டாச்சு, மடம் மட்டும் மூதேவி புடிச்சுக் கெடக்கு! பத்து மணிக்கு ஆபீஸர் வர்றாரு. தள்ளு, நானே பெருக்கிடறேன்."

"வேண்டாம்க்கா. அவர் பார்க்கட்டும்."

"பாத்தா நம்மளத்தான் அசிங்கம் புடிச்சவங்கன்னு சொல்லுவாரு."

"சொல்லட்டும்."

மரகதத்தின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள்.

"அவர் வந்து தட்டினால்?" என்றார் குரு.

"அவருக்குத் திறப்பேன்."

துடைப்பத்தை மூலையில் போட்டாள். மகனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டாள்.