ஊர் சொல்லும் காது

அந்த மலை ஆசிரமத்தில் கண்டிப்பான விதி ஒன்றே ஒன்றுதான். வந்தவரை எந்த ஊர் என்று கேட்கக் கூடாது. கேட்டால், எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் அன்று மாலையே மலையிறங்க வேண்டியதுதான். தங்க வந்த விருந்தாளியின் சொந்தப் பெயருக்கும் அங்கே வேலையில்லை. வந்த அன்றே குரு ஒரு பூவின் பெயரை வைத்துவிடுவார்.

குருவை எல்லோரும் அம்மா என்றார்கள். அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. சீடர் செங்கோடனுக்கோ அறுபத்திரண்டு. அவர் குருவை அம்மா என்பார், குரு அவரை ஐயா என்பார். புதிதாக வருகிறவர்கள் யார் யாருக்குச் சீடர் என்று தெரியாமல் முழிப்பார்கள்.

செங்கோடன் முப்பது வருடம் சென்னையில் ஒரு பெரிய ஓட்டலின் வரவேற்பு மேஜையில் நின்றவர். வெளிநாட்டுக்காரர் ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேசினால் போதும், இன்ன நாடு என்று சொல்லிவிடுவார். ஒரு தடவைகூடத் தவறியதில்லை. வெற்றிலை, கோபம், சொத்து எல்லாவற்றையும் அடிவாரத்தில் விட்டுவிட்டு வந்த மனிதர், இந்த ஒரு பெருமையை மட்டும் மடியில் முடிந்துகொண்டு மலையேறிவிட்டார்.

சமையல்கட்டில் இரண்டு வெளிநாட்டுப் பெண்கள் இருந்தார்கள். அல்லிக்கு அறுபது இருக்கும், தும்பைக்கு முப்பது. ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. பொதுவாக இருந்தது அரைகுறை ஆங்கிலம். அதை வைத்துக்கொண்டே மூன்று மாதமாகச் சின்ன வெங்காயம் உரித்தார்கள், சிரித்தார்கள், சண்டைகூடப் போட்டார்கள். அல்லியின் ஒரே மகன் போரில் செத்துப்போனவன். அதை அவர் வாய்விட்டுச் சொன்னது தும்பையிடம் மட்டும்தான். எந்தப் போர் என்று அவள் கேட்கவில்லை. அன்றிலிருந்து தினமும் காலையில் அல்லிக்குத் தலை வாரிவிடுகிறவள் அவள்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியப் பந்தி. சென்னையிலிருந்து வந்த கூட்டம் உட்கார்ந்திருந்தது. அல்லியும் தும்பையும் ரசம் ஊற்றிக்கொண்டு வந்தார்கள்.

"சார், பேச்சைக் கேட்டே ஊரைச் சொல்லிடுவீங்களாமே! இந்த ரெண்டு பேரும் எங்கேயிருந்து வந்தவங்கன்னு சொல்லுங்க பார்ப்போம்," என்றார் ஒருவர்.

கேட்கத்தானே கூடாது, சொல்வதற்கு என்ன? செங்கோடன் விதியில் ஒரு சந்து கண்டுபிடித்துவிட்டார். எழுந்து நின்று, எல்லோருக்கும் புரியட்டும் என்று ஆங்கிலத்திலேயே இரண்டு நாடுகளின் பெயரைச் சொன்னார். முதலில் அல்லியைக் காட்டி ஒன்று, பிறகு தும்பையைக் காட்டி ஒன்று.

அந்தப் பெயர்களை நான் சொல்லப்போவதில்லை. ஒருவர் சொன்னதே போதும்.

கூட்டம் கைதட்டியது. ரச வாளி அல்லியின் கையிலிருந்து விழுந்து உருண்டது. கைதட்டல் பாதியில் நின்றது.

அல்லி தும்பையைப் பார்த்தார். "நீயா?" என்றார். "என் பிள்ளையைக் கொன்றது உன் நாடு."

தும்பையின் முகத்தில் ஈயாடவில்லை.

அல்லி செங்கோடன் பக்கம் திரும்பினார். "ஜீப்பை வரச் சொல்லுங்கள். இவளோடு ஒரு பொழுதுகூட இங்கே இருக்க மாட்டேன்." விறுவிறுவென்று தன் அறைக்குப் போனார். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் பந்தி வரைக்கும் கேட்டது.

செங்கோடன் வெலவெலத்துப் போனார். மூன்று மாதத்துச் சிநேகம் தன் ஒரு வாய்ப் பேச்சில் போய்விட்டது என்பது அவருக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் தோட்டத்துக்கு ஓடினார். அம்மா அவரைக்கொடிக்குப் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார்.

"மோசம் பண்ணிப்போட்டனுங்கம்மா." மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினார்.

அம்மா கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். "எந்த ஊருன்னு அவங்களைக் கேட்டீங்களா?"

"கேக்கலீங்கம்மா. விதி தெரியாதுங்களா எனக்கு? காதுல விழுந்ததத்தான் சொன்னேன்."

"சரியாச் சொன்னீங்களா?"

"நூத்துக்கு நூறு சரிங்க." சொல்லும்போதே அவருக்கு வாய் கசந்தது.

அம்மா அடுத்த கயிற்றை எடுத்தார்.

"நான் தப்பாச் சொல்லிப்போட்டேன்னு போய்ச் சொல்லிர்றனுங்க. முப்பது வருசத்துல மொதத் தடவையாத் தப்பிருச்சுன்னு எல்லார் முன்னாடியும் சொல்றேன். போதுமுங்களா?"

"அவங்கவங்க ஊரு அவங்களுக்குத் தெரியுமே, ஐயா."

செங்கோடன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஜீப்புக்குச் சொல்லிட்டீங்களா?" என்றார் அம்மா.

"இல்லீங்க. நேரா இங்கதான் ஓடியாந்தனுங்க."

"வாங்க."

அம்மா கையைக் கழுவிக்கொண்டு முன்னால் நடந்தார். விருந்தினர் அறைகளுக்குப் போகும் நடை ஓரிடத்தில் திரும்புகிறது. அந்தத் திருப்பத்துக்கு முன்பே நின்றுவிட்டார்.

"இங்கேயே நில்லுங்க. எட்டிப் பார்க்க வேண்டாம்."

சுவருக்கு அப்பால் அழுகை கேட்டது. ஒன்றல்ல, இரண்டு. கதவுக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. வெளியே இருந்த தும்பை கதவைத் தட்டவில்லை, கெஞ்சவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. அழுதுகொண்டு மட்டும் இருந்தாள். செங்கோடனுக்கு ஓடிப்போய்க் காலில் விழலாமா என்றிருந்தது. அம்மா அவர் தோளில் கை வைத்து நிறுத்தினார்.

வெகுநேரம் அப்படியே நின்றார்கள். பந்தியில் இலை எடுக்கும் சத்தமும் ஓய்ந்துவிட்டது.

அப்புறம் தாழ்ப்பாள் விலகியது. வார்த்தை ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே இருந்த அழுகையும் வெளியே இருந்த அழுகையும் இப்போது ஒரே இடத்திலிருந்து வந்தன. முன்னைவிடப் பெரிதாக வந்தன.

செங்கோடன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். பழக்க தோஷம், அந்த நேரத்திலும் அவர் காது பிரித்துப் பார்க்கத்தான் முயன்றது. எது அல்லி, எது தும்பை? அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுபடியும் கேட்டார்.

அம்மா அவர் சட்டைப்பையிலிருந்த போனை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"ஜீப்புக்குச் சொல்லிடலாம், ஐயா. இதுல எந்த அழுகை எந்த நாடுன்னு மட்டும் சொல்லுங்க, அவங்களை ஏத்தி அனுப்பிடலாம்."