மூன்று நாள் பழக்கிய சம்மதம்

ஆனைக்குப் பயப்படாதவளும் முத்திரைத்தாளுக்குப் பயப்படுவாள். பத்திரப்பதிவு ஆபீசில் இசக்கியம்மாள் மேசையை விட்டுத் தள்ளியே நின்றாள்.

ரைஸ்மில் முதலாளி தளவாய், தம்பி பூவலிங்கத்தின் பங்கு நிலத்தைத் தன் பேருக்கு எழுதி வாங்க வந்திருந்தார். தம்பிக்கு வயது நாற்பது. விவரமோ நாலு வயதுப் பிள்ளைக்குள்ளதுதான். அவருக்குச் சோறூட்டிப் பார்த்துக்கொள்பவள் வீட்டு வேலைக்காரி இசக்கியம்மாள்.

"விவரம் தெரிஞ்சுதான் குடுக்கான்னு சாட்சிக் கையெழுத்துப் போடு. இல்லேன்னா வீட்டுப் படி ஏறாதே" என்றிருந்தார் முதலாளி. அவளும் போய்விட்டால் அந்த மனுசனுக்கு யார் இருக்கிறார்கள்?

"நிலத்தை அண்ணனுக்குக் குடுக்கச் சம்மதமா?" என்று கேட்டார் சார்பதிவாளர்.

"சம்மதம்" என்றார் பூவலிங்கம். அண்ணன் மூன்று நாளாக முறுக்குக் கொடுத்துப் பழக்கிய சொல்.

"கையெழுத்துப் போடுதேன் ஐயா. அதுக்கு முன்னால நானும் ஒண்ணு கேட்டுக்கிடுதேன்" என்றாள் இசக்கியம்மாள். "சின்னய்யா, அந்த நிலத்தை இந்த ஆபீஸ் வாட்ச்மேனுக்குக் குடுக்கச் சம்மதமா?"

"சம்மதம்." முறுக்குக்காகக் கை நீண்டது.

"ரெண்டுக்கும் நானே சாட்சி. எதைப் பதியப் போறீக ஐயா?"

சார்பதிவாளர் பத்திரத்தைத் திருப்பித் தள்ளினார். "கோர்ட்டுல கார்டியன் போட்டு, அனுமதி வாங்கிட்டு வாங்க."

தளவாய் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். "வாடா வீட்டுக்கு."

இசக்கியம்மாள் குறுக்கே நின்றாள். "சின்னய்யா, அண்ணன்கூடப் போகச் சம்மதமா?"

பூவலிங்கம் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். "மாட்டேன்."

"இதை எழுதிக்கிடுங்க ஐயா" என்றாள் அவள். "இது யாரும் சொல்லிக் குடுக்காதது."