புறாவின் கழுத்து

ரொம்ப காலத்துக்கு முன்னால் முகிலைநாட்டை வல்லபராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் கோபம் மட்டும் மூக்கின் மேல் நிற்கும். அவனுடைய அரண்மனைப் பள்ளிக்குக் காத்தாயி என்ற எட்டு வயதுப் பெண் படிக்க வந்தாள். மலைச்சரிவில் தினைக்காட்டுக்குக் காவல் இருந்த பிள்ளை. கிளி விரட்டியே வளர்ந்த குரல் அது. வகுப்பில் அவள் "தண்ணி வேணும்" என்றால், கோட்டைவாசல் காவலன் செம்பைத் தேடுவான்.

இது கட்டியக்காரர் தண்டபாணியாருக்குப் பொறுக்கவில்லை. ராஜா வரும்போது பட்டப்பெயர்களை முழங்குவது அவர் வேலை. அரண்மனையில் தன் குரலை மிஞ்ச ஆளில்லை என்று நிமிர்ந்து நடந்தவர். "மன்னா, அது பள்ளியா, சந்தைக்கடையா? அந்தப் பெண்ணைக் காட்டுக்கே அனுப்பிவிடுங்கள்" என்று ஓதினார். பகல் தூக்கம் கெட்டிருந்த ராஜாவும் தலையாட்டினான்.

மந்திரி அம்பலவாணர் கைகூப்பினார். "பள்ளி உத்தரத்தில் ஒரு புறா முட்டையிட்டிருக்கிறது மன்னா. குஞ்சு பொரிக்கும்வரை தவணை கொடுங்கள். காத்தாயி பேசி அது பறந்தால், நானே அவளைக் கொண்டுபோய் விடுகிறேன்."

கிளி விரட்டியிடம் புறாவா என்று சபையே சிரித்தது. ராஜா சம்மதித்தான்.

பள்ளியில் காத்தாயி அழுதுகொண்டிருந்தாள். "எல்லாரும் மெல்லப் பேசு, மெல்லப் பேசுங்கிறாங்க சாமி. எம்புட்டு மெல்லன்னு ஒருத்தரும் சொல்லலை."

மந்திரி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "எனக்கும் தெரியலை தாயி. பறவை சங்கதி உனக்குத்தான் தெரியும். பறக்கிறதுக்கு முன்னால அது என்ன பண்ணும்?"

"கழுத்தை நீட்டும்."

"அப்போ அதைப் பார்த்துப் பேசு. கடைசி வரிசைக்குக் கேட்கணும், புறா கழுத்து நீளக் கூடாது."

முதல் நாள் புறாவின் கழுத்து நீண்டது. காத்தாயி பாதி வார்த்தையை விழுங்கினாள். மறுநாள் அவள் பேசியது கடைசி வரிசைக்குக் கேட்கவேயில்லை. பத்து நாளில் இரண்டுக்கும் நடுவே தன் குரலைக் கண்டுபிடித்துவிட்டாள்.

பதினைந்தாம் நாள் ராஜா பார்க்க வந்தான். வாசலில் தண்டபாணியாருக்குப் பழக்கதோஷம். "ராஜாதி ராஜ, ராஜ மார்த்தாண்ட" என்று முழங்கிவிட்டார். புறா படபடவென்று சன்னல் வழியே பறந்துபோனது.

காத்தாயிக்கு உயிரே போய்விட்டது. படிப்பு போகுமே என்பதைவிட, முட்டை குளிர்ந்துவிடுமே என்றுதான் தவித்தாள். அழுகையை அடக்கிக்கொண்டு, தினமும் சொல்லும் பாடத்தை அதே குரலில் சொல்லத் தொடங்கினாள். பழகிய குரல் அல்லவா? கொஞ்ச நேரத்தில் புறா சன்னல் விளிம்பில் வந்து நின்றது. பிறகு கூட்டுக்குத் திரும்பி முட்டைமேல் அமர்ந்தது.

ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "காத்தாயி இங்கேயே படிக்கட்டும். கட்டியக்காரரே, குஞ்சு பொரிக்கும்வரை நீர் கடைசி வரிசையில் உட்காரும்" என்றான்.

புறா கழுத்தை நீட்டியது.

காத்தாயி உத்தரத்தைக் காட்டினாள். "ராசா, இன்னும் கொஞ்சம் மெல்ல."

கோபக்கார ராஜா குரலைத் தாழ்த்தினான். "இவ்வளவு போதுமா தாயி?"

அவள் அண்ணாந்து பார்த்தாள். புறா கண்ணை மூடியிருந்தது.

"போதும் சாமி" என்றாள். பிறகு கடைசி வரிசைக்குப் போய், தலைகுனிந்து நின்ற தண்டபாணியாருக்குப் பாயில் பாதி இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.