இரண்டாம் பாலத்தைத் தாண்டாத கரடி

ஆரணியில் புத்திசாலிகளுக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் மங்கையர்க்கரசி அம்மாளின் அரிசி ஆலையில், நெல் கிடங்குக்கு மேலே இருந்த அறைக்கு அவர்களில் ஒருவரும் ஏறிப் போனதில்லை. ஏறிப் போனவர்கள் நான்கு பேர். அந்த நால்வரும் சேர்ந்து நடத்தியதுதான் ஆரணி லினக்ஸ் விளையாட்டு மன்றம்.

லினக்ஸ் என்பது கணினியை இயக்கும் மென்பொருள். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், பிடிக்காததைத் திருத்தலாம் என்பது அதன் பெருமை. மன்றத்தார் மூன்று வருடமாக அந்தப் பெருமையைப் பேசிவந்தார்கள். பேச்சு முடிந்தபாடில்லை என்பதால் திறந்து பார்ப்பதைத் தள்ளிவைத்திருந்தார்கள்.

தலைவர் தில்லைநாயகம் ஜெராக்ஸ் கடைக்காரர். ஒன்றையே நூறு தடவை எடுத்துப் பழகியவர், பேச்சிலும் அப்படித்தான். செயலாளர் பிரிட்டோ பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துபவர். எழுதிவைக்காத எதுவும் நடந்ததாக அவர் ஒப்புக்கொள்வதில்லை. சாகுல் செல்போன் பழுது பார்ப்பவர். அவர் கைக்குப் போன போன்கள் அதன்பிறகு யாரையும் தொந்தரவு செய்ததில்லை. நான்காமவர் வேணு. அவருக்கு வேலை கிடையாது. அதனால் மன்றத்தின் வேலையெல்லாம் அவருக்குத்தான்.

அவர்களிடம் ஒரு கணினி இருந்தது. அதில் ஒரு விளையாட்டு இருந்தது. ஒரு கரடி படகு ஓட்டிக்கொண்டு ஆற்றில் வரும். பாறையில் மோதாமல், பாலங்களுக்கு அடியில் புகுந்து, ஊர் போய்ச் சேர வேண்டும். கரடி முதல் வளைவில் திரும்பும், திரை அணைந்துவிடும். மறுபடி போட்டால் ஒரு செய்தி மட்டும் வரும்: ‘வெப்பநிலை வரம்பு மீறியது. காற்றோட்டத்தைச் சரிபார்க்கவும்.’

முதல் முறை இந்தச் செய்தி வந்தபோது மன்றம் அவசரமாகக் கூடியது.

“வெப்பநிலைன்னு சொல்லுது. யாருக்குன்னு சொல்லலையே” என்றார் தலைவர்.

வேணு ஓடிப்போய் மருந்துக்கடையில் தெர்மாமீட்டர் வாங்கிவந்தார். நால்வரும் வரிசையாக நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டார்கள். பிரிட்டோ எழுதிக்கொண்டார். சாகுலுக்குத்தான் கொஞ்சம் கூடுதல். அவரை இரண்டு வாரம் மன்றத்துக்கு வர வேண்டாம் என்றார்கள். அவர் வராமலேயும் திரை அணைந்ததால், அவர் மேல் குற்றமில்லை என்று தீர்மானம் போட்டுத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

அடுத்தது காற்றோட்டம். நான்கு ஜன்னலையும் திறந்துவைத்தார்கள். ஆலையின் உமித்தூசியும் நல்ல காற்றும் உள்ளே வந்தன. மன்றத்தின் குறிப்பேடு படபடவென்று அடித்துக்கொண்டது. அது பறந்துவிடக் கூடாதென்று, கணினிப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே இன்னும் இறுக்கமாகச் செருகிவைத்தார்கள்.

இந்தக் குறிப்பேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நானூறு பக்கம், காலிகோ அட்டை, செங்கல் கனம். மன்றத்தின் மூன்றாம் தீர்மானம் இது: ‘குறிப்பேடு கணினியை விட்டு ஒருபோதும் பிரியக் கூடாது. எழுதும்போது எடுக்கலாம். எழுதி முடித்து, உரிய இடத்தில் வைத்த பிறகே விளையாட்டைத் தொடங்க வேண்டும்.’ உரிய இடம் என்பது பெட்டியின் இடப்பக்கம். அந்தப் பக்கத்தில் சல்லடை மாதிரி ஓட்டைகள் இருந்தன. ஓட்டைகள் அசிங்கமாகத் தெரிகின்றன, குறிப்பேடு மறைத்துவிடும் என்று பிரிட்டோதான் இடம் தேர்ந்தெடுத்தார்.

மூன்று வருடத்தில் ஒரே ஒரு முறை கரடி முதல் பாலத்தைத் தாண்டியது. போன பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை. குறிப்பேட்டில் பக்கம் தீர்ந்துவிட்டது. அதே மாதிரி இன்னொன்று வாங்கிவர, பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு வேணு கடைக்குப் போனார். அவர் போயிருந்த பதினோரு நிமிடமும் கரடி ஓடியது. முதல் பாலத்தைத் தாண்டி, தூரத்தில் இரண்டாம் பாலம் தெரிய, தலைவர் எழுந்து நின்றுவிட்டார். வேணு வந்தார். புதுக் குறிப்பேட்டைப் பழைய இடத்தில் செருகினார். ஒரு டீ குடிக்கிற நேரத்தில் திரை அணைந்தது.

அதிலிருந்து மன்றம் இரண்டு கட்சியாகிவிட்டது. இரண்டாம் பாலத்துக்கு அப்பால் அருவி என்று தலைவர் கட்சி. மூன்றாவது பாலம் என்று சாகுல் கட்சி.

“பாலத்துக்கு அப்புறம் பாலமே வந்தா, அதுல இன்னா சுவாரசியம் பாய்?”

“அருவி வந்தா கரடி செத்துப்போயிடும் தலைவரே. சாவறதுக்கா அது அவ்ளோ தூரம் துடுப்புப் போடுது?”

இந்த விவாதம் குறிப்பேட்டில் எழுபத்திரண்டு பக்கம்.

இப்படியே காலம் போயிருக்கும். ஒரு புதன்கிழமை காலை மங்கையர்க்கரசி அம்மாள் படியேறி வந்தார். முற்றத்தில் காயும் நெல்லைப் பார்ப்பது போல நால்வரையும் பார்த்தார்.

“பசங்க வந்து கத்துக்குவாங்கன்னு சொல்லி ரூம் வாங்கினீங்க. ஒரு பையன் வந்து நான் பாக்கல. நீங்களாவது ஆடறீங்களான்னா அதுவும் இல்ல. மூணு வருஷமா பேச்சுச் சத்தம்தான் கேக்குது. எனக்குத் தவிடு வைக்க இடமில்லாம மழையில நனையுது.”

“அம்மா, இது ஆராய்ச்சிக் கட்டம்” என்றார் தலைவர்.

“ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வருவேன். ஒரே ஒரு ஆட்டம். அந்தக் கரடி ரெண்டாவது பாலத்தத் தாண்டி நான் பாக்கணும். தாண்டினா ரூம் உங்களுது. இல்லன்னா பதினொரு மணிக்குத் தவிட்டு மூட்டை ஏறும்.”

அம்மாள் படியிறங்கிப் போனார். அந்த அறையை விட்டால் அவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. வீடுகளில் அவர்களைப் பேசவிடுவதில்லை.

பிரிட்டோ இணைய மன்றம் ஒன்றில் நீளமாக எழுதிக் கேட்டார். நால்வரின் வயது, ஆரணியின் மழையளவு, கரடியின் நிறம் எல்லாம் எழுதினார். குறிப்பேடு எங்கே இருக்கிறது என்பதை மட்டும் எழுதவில்லை. திருநெல்வேலியிலிருந்து கார்குழலி என்ற பெண் பதில் போட்டார்; கணினித் துறையில் வேலை பார்ப்பவர், பொறுமைசாலி.

‘ஒருமுறை ஓடியது என்கிறீர்கள். அன்று எப்படி இருந்ததோ அப்படியே அமைத்துப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை எழுதிவையுங்கள். பிழைச் செய்தி வருவது எப்போது நிற்கிறதோ, அப்போது சிக்கல் தீர்ந்தது.’

“அன்னிக்கு எப்படி இருந்தோமோ அப்படியே” என்று தலைவர் திரும்பத் திரும்பப் படித்தார். “யோசிங்க. அன்னிக்கு எப்படி இருந்தோம்?”

யோசித்தார்கள். அன்றைக்குத் தலைவர் வாழைக்காய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார். பிரிட்டோவுக்கு ஜலதோஷம், தும்மிக்கொண்டிருந்தார். வேணு கடையிலிருந்து வரும்போது செருப்பு வார் அறுந்து, ஒற்றைக் காலில் செருப்போடு வந்தார். சாகுல் விளையாடிக்கொண்டிருந்தார்.

“எனக்கு அப்ப கல்யாணம் ஆகலையே” என்றார் சாகுல்.

எல்லோரும் அவரைக் கவலையோடு பார்த்தார்கள்.

“இது பெரிய மாற்றமாச்சே பாய்” என்றார் பிரிட்டோ. “வீட்டுல பேசிப் பாருங்களேன்.”

சாகுல் வீட்டுக்குப் போய் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். ஞாயிறு காலை பத்திலிருந்து பதினொன்று வரை கல்யாணம் ஆகாதவராக இருந்துகொள்ளலாம் என்று அவர் அனுமதி கொடுத்தார். அதற்கு மேலும் வேண்டுமென்றால் யோசிக்க வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னாராம். நல்ல மனசு என்று மன்றம் பாராட்டியது.

பஜ்ஜியில் ஒரு சிக்கல். அன்றைக்குப் பஜ்ஜி போட்ட மாஸ்டர் இப்போது செய்யாறு ஊருக்குக் கடையை மாற்றிவிட்டார். செய்யாற்றிலிருந்தே வாங்கிவருவதென்று முடிவானது. வேணு தன் செருப்பின் வார் ஒன்றைப் பிளேடால் அறுத்துக்கொண்டார்.

“அன்னிக்கு அறுந்தது வலது காலா, இடது காலா?” என்று கேட்டார் தலைவர்.

“ஞாபகம் இல்ல சார்.”

“அப்ப ரெண்டையும் அறுத்துடு. எதுக்கும் தயாரா இருக்கணும்.”

கடைசியாக வேணு கடைக்குப் போனது. “அன்னிக்கு இவன் குறிப்பேட்டைக் கையில எடுத்துட்டுப் போனான்” என்று சாகுல் சொன்னார்.

மூன்று வருடத்தில் மன்றம் உண்மைக்கு அவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை.

“அது தப்பு பாய்” என்றார் பிரிட்டோ. “மூணாம் தீர்மானத்தை மீறிட்டோம். ஒரு தடவ செஞ்ச தப்பை மறுபடி செய்யலாமா?”

“கையில கனம் இருந்ததுதானே முக்கியம்” என்று தலைவர் வழி சொன்னார். குறிப்பேட்டை நிறுத்துப் பார்த்தார்கள். அதே எடைக்குத் துவரம்பருப்பு கட்டி வேணுவிடம் கொடுப்பதென்று தீர்மானம் நிறைவேறியது. தீர்மானத்தை எழுதி, குறிப்பேட்டைப் பெட்டியோடு ஒட்டிச் செருகினார்கள்.

ஞாயிறு பத்து மணிக்கு அம்மாள் வந்தார். தலைவர் ஆறிப்போன செய்யாற்றுப் பஜ்ஜியைக் கடித்துக்கொண்டு நின்றார். பிரிட்டோ மூக்குப்பொடி போட்டுத் தும்மிக்கொண்டிருந்தார். சாகுல் கல்யாணம் ஆகாதவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். கீழே தெருவில் வேணு துவரம்பருப்பைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தார்.

கரடி புறப்பட்டது. முதல் வளைவில் திரும்பியது. திரை அணைந்தது.

“இவ்ளோதானா?” என்றார் அம்மாள்.

“இன்னொரு தடவ, அம்மா. தும்மல் கொஞ்சம் பிந்திடுச்சு” என்றார் தலைவர்.

“சரி, போடுங்க. அதுக்குள்ள, மூணு வருஷமா இன்னாதான் எழுதினீங்கன்னு பாக்கறேன்.” அம்மாள் கையை நீட்டி, சுவரோரம் இருந்த குறிப்பேட்டை உருவிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

பிரிட்டோ பதறினார். ஆனால் தும்மல் வந்துவிட்டது.

கரடி புறப்பட்டது. வளைவில் திரும்பியது. முதல் பாலத்துக்கு அடியில் புகுந்து வெளியே வந்தது. அம்மாள் அருவி விவாதத்தைப் படித்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம் ஆனது, எட்டு ஆனது. கணினி சத்தம் போடாமல், சொகுசாக ஓடியது. இரண்டாம் பாலம் பக்கத்தில் வந்துகொண்டே இருந்தது. தலைவருக்குப் பஜ்ஜி தொண்டையில் நின்றது.

அம்மாள் தலையை நிமிர்த்தினார். “பரவாயில்லையே. ஓடுதே.”

“அம்மா” என்றார் பிரிட்டோ, “தயவு பண்ணி அதைக் குடுத்துடுங்க. ஓடுறதை எழுதணும். எழுதாம ஓடினா ஓடினதா அர்த்தமில்ல.”

அம்மாள் கொடுத்தார். ‘10.24. ஓடுகிறது’ என்று பிரிட்டோ எழுதினார். அடியில் கோடு போட்டார். மூன்றாம் தீர்மானத்தின்படி உரிய இடத்தில் வைத்து, இறுக்கித் தட்டினார்.

இரண்டாம் பாலத்தின் நிழல் படகின் மூக்கில் விழுந்தது. திரை அணைந்தது.

அம்மாள் பெட்டியின் இடப்பக்கம் குனிந்து பார்த்தார். பிறகு, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். “அந்த நோட்டை எடுத்து அப்பால வைங்கப்பா. ஓட்டையெல்லாம் அடைச்சு வெச்சா மிஷினு மூச்சு முட்டாம இன்னா பண்ணும்? என் ரைஸ் மில் மோட்டாரும் அப்படித்தான் நின்னுடும். எடுத்துட்டு இன்னொரு தடவ ஆடுங்க. நான் இருந்து பாத்துட்டே போறேன்.”

நால்வரும் மூலையில் கூடினார்கள்; பருப்போடு வேணுவும் வந்திருந்தார்.

“அம்மா சொல்றதுல ஒரு விஷயம் இருக்கு” என்று தலைவர் ஆரம்பித்தார். “கரடி ஓடினப்ப ரெண்டு மாற்றம் நடந்திருக்கு. ஒண்ணு, நோட்டை எடுத்தது. இன்னொண்ணு, அம்மா நாற்காலியில உக்காந்தது.”

“ஒரு நேரத்துல ஒண்ணுதான் மாத்தணும்னு திருநெல்வேலிப் பொண்ணு எழுதியிருக்கு” என்றார் பிரிட்டோ. “அம்மா இருக்கும்போதே நோட்டையும் எடுத்தா கணக்குக் குழம்பிடும்.”

“அப்ப ரெண்டுல ஒண்ணு வெளிய போகணும்” என்றார் சாகுல்.

“நோட்டு போக முடியாது. தீர்மானம் இருக்கு” என்றார் வேணு.

ஓட்டெடுத்தார்கள். நாலுக்குப் பூஜ்யம். தலைவர் வாயைத் துடைத்துக்கொண்டு அம்மாளிடம் வந்து கைகூப்பினார்.

“அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய போறீங்களா?”

அம்மாள் எழுந்தார். வெளியே போனார். போனவர் படியில் நின்று மூட்டை தூக்குபவர்களைக் கூப்பிட்டார்.

பதினொன்றரைக்கு அறையில் கூரைவரை தவிடு. மன்றம் படிக்கட்டுக்கு அடியில் இருந்தது. மேஜை, கணினி, அதன் இடப்பக்கம் இறுக்கமாகக் குறிப்பேடு. அங்கே பிளக் பாயின்ட் இல்லை. பிரிட்டோ மின்கம்பியை அழகாகச் சுருட்டிப் பெட்டி மேல் வைத்தார். சாகுல் பொத்தானை அழுத்தினார். நால்வரும் திரையைப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் போனது, கால் மணி போனது.

“பிழைச் செய்தி வரல” என்றார் பிரிட்டோ, மெதுவாக.

“வரவே இல்ல” என்றார் தலைவர்.

பிரிட்டோ போனை எடுத்து இணைய மன்றத்தில் எழுதினார்: ‘சிக்கல் தீர்ந்தது. ஒன்றை மட்டும் மாற்றினோம்: மின்கம்பியைக் கழற்றினோம். இப்போது பிழைச் செய்தி அறவே இல்லை.’ கார்குழலி பதில் எழுதவில்லை. ஆனால் குடியாத்தத்திலிருந்து ஒருவர் நன்றி சொல்லியிருந்தார். அவரும் கழற்றிப் பார்த்தாராம். நாலு வருடத் தொல்லை ஒழிந்ததாம்.

சாயங்காலம் ஆலையைப் பூட்டிக்கொண்டு வந்த மங்கையர்க்கரசி அம்மாள் படிக்கட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தார். நால்வரும் கறுத்த திரையைப் பார்த்தபடி மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

“இன்னாப்பா பாக்கறீங்க? அதுல ஒண்ணும் தெரியலையே.”

“எப்படிம்மா தெரியும்?” என்று தலைவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். “கரடி ரெண்டாம் பாலத்துக்கு அடியில போய்ட்டிருக்கு. கொஞ்சம் நீளமான பாலம். அந்தப் பக்கம் வந்ததும் சொல்றோம், நீங்க மூட்டையை இறக்கச் சொல்லுங்க.”