எட்டு மீசைக் கெளுத்தி

பூவாணிக்குளத்து மீன் கமிட்டியில் மூன்று பேர். தலைவர் கொப்பையா, உறுப்பினர்கள் சன்னாசி, மாசாணம். மூன்று பேருக்கும் சேர்த்து அரைப்படி மூளை என்பது ஊர்ப்பேச்சு. அரைப்படி ஒன்றும் குறைச்சல் இல்லையே என்று கொப்பையா பெருமைப்பட்டுக்கொள்வார்.

ஒருநாள் வலையில் முழங்கை நீளத்துக்கு ஒரு கெளுத்தி விழுந்தது. மீன்துறை அதிகாரி போனில் சொன்னார்:

"நாட்டுக் கெளுத்தியா, ஆப்பிரிக்கக் கெளுத்தியான்னு பார்த்து வைங்க. ஆப்பிரிக்கான்னா மத்த மீனையெல்லாம் தின்னு தீர்த்துடும். குளத்தையே வத்தடிக்கணும். நான் சாயங்காலம் வரேன். அதுவரைக்கும் மீனைத் தனியா விடுங்க."

குளம் வற்றினால் ஊர் என்ன செய்யும்? ஆனாலும் உத்தரவு உத்தரவுதான். கரையோரக் கொட்டகையில் மீனை அண்டாவில் விட்டு, மூவரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள்.

"தனியா விட்டாச்சு. இப்ப எப்படிண்ணே பார்க்கிறது?" என்றான் மாசாணம்.

கொப்பையா வெகுநேரம் யோசித்தார். "கண்ணை மூடிக்கிட்டுப் போவோம். நாம வந்தது அதுக்குத் தெரியாது."

போனார்கள். அண்டா கவிழ்ந்தது.

தரையில் கிடந்த மீனின் மூக்கோடு மூக்கு வைத்துப் படுத்தான் சன்னாசி. மாசாணம் எண்ணினான். "மீசை பத்து!"

"புத்தகத்துல எட்டுன்னுல்ல போட்டிருக்கு?" என்று மீன்துறை கொடுத்த புத்தகத்தைப் புரட்டினார் கொப்பையா.

"ரெண்டு சன்னாசியோடது."

"அப்ப எடுத்துடு. ஊர்க் காரியம்."

பன்னிரண்டு வருஷ மீசை போனது. மறுபடி எண்ணினார்கள். சரியாக எட்டு! கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பிறகுதான் கொப்பையா அடுத்த வரியைப் படித்தார்: 'இரண்டு இனத்துக்கும் மீசை எட்டே.'

சன்னாசி மேலுதட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"பேசிப் பார்த்துடுவோம். ஆப்பிரிக்கான்னா தமிழ் புரியாது" என்று கொப்பையா மீனிடம் குனிந்தார். "வாங்க."

மீன் அசையவில்லை.

"போங்க."

கெளுத்தி நெளிந்து நெளிந்து வாசலைத் தாண்டி, கரையிறங்கி, குளத்துக்குள் போயே போய்விட்டது.

"நாட்டுக் கெளுத்திதான்!" என்று குதித்தார் கொப்பையா.

"'வாங்க'ன்னப்ப ஏன் வரலை?" என்றான் மாசாணம்.

"ஏற்கெனவே வந்தாச்சே, எங்கேர்ந்துடா வரும்?"

சாயங்காலம் அதிகாரி வந்தார். "மீன் எங்கே?"

கொப்பையா குளத்தைத் திரும்பிப் பார்த்தார். "ரேஷன் கார்டு எடுத்துட்டு வர வீட்டுக்குப் போயிருக்குங்க" என்றார்.

அதிகாரி முகம் கடுகடுத்தது. "அசல் மட்டும் போதாதே. நகல் ரெண்டு வேணும்னு சொன்னீங்களா?"

கொப்பையா பதறிப்போய் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, தலையை உள்ளே விட்டுக் கத்தினார்:

"நகல் ரெண்டு!"